யார் வீட்டுச் சீனிப் பொம்மை?

“அந்தச் சீனிப் பொம்மை யார் வீட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்.”

கையிலிருந்த சுற்றறிக்கையைத் தலைமையாசிரியையின் மேசைமேல் விசிறிப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள் கோச்சம்மா. ஜிம்மில் எல்லாருக்கும் அவள் கோச்சம்மா. பாதித் தண்டாலில் குப்புற விழுகிறவனைப் பார்த்து, “எழுந்திரிக்கிறியா, இல்ல என் அஞ்சு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து எடுத்துக் காட்டச் சொல்லவா?” என்று கேட்பாள்.

சுற்றறிக்கையில் இரண்டே வரிதான். வகுப்பில் ஒரு குழந்தைக்கு முட்டை அலர்ஜி. ஆகவே முட்டையோ, முட்டை கலந்த கேக்கோ பிஸ்கட்டோ யாருடைய டப்பாவிலும் வேண்டாம்.

“பேர் சொல்ல முடியாதும்மா. வெளிய தெரியக்கூடாதுன்னு வீட்டுலயே எழுதிக் குடுத்திருக்காங்க,” என்றார் தலைமையாசிரியை.

“வெக்கமா இருக்கும்ல. முட்டையைக் கண்டு பயப்படற பிள்ளையைப் பெத்துட்டு ஊரெல்லாம் தம்பட்டமா அடிக்க முடியும்?”

“பயமில்லம்மா. ஒரு வாய் உள்ள போனாலே மூச்சு அடைச்சுக்கும்.”

“எல்லாம் நடிப்பு. உடம்பைப் பழக்கினா பழகும். என் நாத்தனார் பொண்ணு கடலை அலர்ஜின்னு ரொம்பத்தான் அலட்டிக்கிட்டா. பொடி பண்ணி, அவளுக்கே தெரியாம பால்ல கலந்து குடுத்தேன். என்ன ஆயிடுச்சு? ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்துட்டு நல்லாத்தானே வீட்டுக்கு வந்தா?”

தலைமையாசிரியை சுற்றறிக்கையை எடுத்து மடித்து வைத்தார்.

கோச்சம்மாவின் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டிலும் முட்டை கிடையாது. ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிற அவள் புருஷனுக்குக் கொலஸ்ட்ராலாம். பையனுக்குப் பல் முளைத்த வருஷத்திலிருந்து, முட்டை வாசனையே வாசற்படி தாண்டக்கூடாது என்று ஒரே பிடிவாதம்.

விடிவதற்குள் அவள் ஜிம்முக்குக் கிளம்பிவிடுவதால், பிள்ளைக்கு ஊட்டுவதும் டப்பா கட்டுவதும் அந்த மனுஷன்தான். ஜிம்மில் தினமும் ஆறு வெள்ளைக்கருவை விழுங்கும்போது, பெற்ற பிள்ளைக்கு ஒன்று கொடுக்க வக்கில்லையே என்று அவளுக்கு நிஜமாகவே மனசு அடித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு நோஞ்சான், பள்ளிக்கூடத்தில் ஒரு நோஞ்சான், நடுவில் சிங்கக்குட்டி மாதிரி இருக்கிற என் பிள்ளை பட்டினியா என்று நினைத்தாலே உச்சந்தலைக்கு ஏறும்.

“அதான், இன்னைக்கு லீவு போட்டுட்டு நானே கொண்டுவந்து விட்டேன். அவன் ஷூ மாட்டறதுக்குள்ள, அவங்கப்பா கட்டினதை எடுத்துட்டு டப்பாவில ஆம்லெட் வச்ச ரொட்டியைப் போட்டுட்டேன். கடையில சுடச்சுட வாங்கினது. உங்க சீனிப் பொம்மை பக்கத்துல இருந்து கரையுதான்னு பாப்போம்.”

தலைமையாசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஊசிமருந்துப் பெட்டியை எடுத்தார். அடுத்த நொடி ஓடிக்கொண்டிருந்தார். செருப்பில் ஒன்று அறை வாசலிலேயே கழன்று கிடந்தது.

கோச்சம்மா சாவகாசமாகப் பின்னால் நடந்தாள். ஓடுகிற லட்சணத்தைப் பாரேன், முழங்கால் மடங்கவே இல்லை, மூன்று மாதம் நம்மிடம் அனுப்பினால் சரிசெய்யலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு விதத்தில் நல்லதுதான். அம்மணி எந்தப் பிள்ளையிடம் போய் நிற்கிறார் என்று பார்த்தால் போதும், பெயர் தெரிந்துவிடும். அதைப் பெற்ற மகராசியை வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

வகுப்பு வாசலில் தூணோரமாக நின்று எட்டிப் பார்த்தாள். குட்டை மேசைகளைச் சுற்றி டப்பாக்கள் திறந்திருந்தன. முதல் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி இருந்தாள். இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். தலைமையாசிரியை அவளைத் தாண்டிப் போனார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பையன். சந்தேகமே இல்லை, இதுதான். அவனையும் தாண்டினார்.

கடைசி மேசைக்குப் போய் மண்டியிட்டார். அங்கே, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கோச்சம்மாவின் மகன். அவனுடைய டப்பா மூடியபடி மேசையின் மறுகோடிக்குத் தள்ளப்பட்டிருந்தது.

“தொட்டியாப்பா? வாயில வச்சியா?”

“இல்ல மிஸ். தொறந்ததும் முட்டை வாசம் வந்துச்சு. உடனே மூடிட்டேன். எனக்கு முட்டை கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு.”

தலைமையாசிரியை ஊசிமருந்துப் பெட்டியை மேசைமேல் வைத்தார். “சமர்த்து. நான் உங்கம்மாகிட்டப் பேசறேன்,” என்றார்.

தூணோரம் நிற்பவளைப் பையன் பார்க்கவில்லை. அவசர அவசரமாக மிஸ்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு ரகசியம் சொன்னான். அது வாசல்வரைக்கும் கேட்டது.

“அம்மாகிட்டச் சொல்லாதீங்க மிஸ். பால்ல கலந்து குடுத்துடுவாங்க.”