வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார்கள்

நோயல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவர் மனைவி ரேலீனுக்கு அறுபத்தெட்டு வயது. காருக்குப் பின்னால் மாட்டியிருந்த நீளமான கேரவனை, எங்களுக்குப் பக்கத்து இடத்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த, அந்த அம்மாள் ஒற்றை ஆளாகப் போராடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்திரேலியாவின் தென்கரை ஊரான செடுனாவின் கேரவன் பார்க்கில் சாயங்காலமானால் எல்லோரும் மடக்கு நாற்காலியும் பீருமாக வெளியே உட்கார்ந்துவிடுவோம். புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவதுதான் எங்களுக்கு இலவச சினிமா. வழக்கமாகக் கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், இரண்டு பேரும் விவாகரத்து வரை போய்த் திரும்புவார்கள்.

இந்த மனிதரோ முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தார்.

நாலைந்து தடவை முன்னும் பின்னும் போய், வண்டி ஒருவழியாக உள்ளே நுழைந்தது. எங்கள் வரிசையே கை தட்டியது.

“கோணலா இருக்கு. வெளியே எடுத்து மறுபடி விடு,” என்றார் நோயல்.

என் மனைவி ஜெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முதுகு வலியாம். அடிலெய்டுல கிளம்பினதுலேருந்து அவதான் ஓட்டிட்டு வராளாம். பீர் பெட்டியைத் தூக்கிட்டு வரப்ப மட்டும் அந்த முதுகு எங்க போச்சு?” என்று என் காதில் பொருமினாள்.

ரேலீன் மறுபடி எடுத்து, மறுபடி விட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். கேரவன் இன்ஷூரன்ஸ் அந்த வாரத்தோடு முடிகிறதாம். விடிந்தால், மேற்கே போகிற வழியில் நாள்கணக்கில் நீளும் நல்லர்பார் வெட்டவெளியில் இறங்கப்போகிறார்கள். அங்கே பெரும்பாலும் போன் எடுக்காது. அதனால் என்னென்ன வேண்டும், வேண்டாம் என்று பார்த்து இப்போதே புதுப்பித்தாக வேண்டும். “ரஸ், இதைக் கொஞ்சம் பாரு,” என்று நோயல் போனை என்னிடம் நீட்டினார். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டாராம், நானே படித்துச் சொல்லி அழுத்திவிட வேண்டுமாம். இதற்கும் சோம்பலா என்பது போல ஜெனிஸ் என்னைப் பார்த்தாள்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆலங்கட்டி மழை? போடு என்றார். திருட்டு? போடு. கங்காரு குறுக்கே பாய்ந்தால்? அது இல்லாமலா என்றார். கேரவன் வாசலில் விரிக்கிற துணிப் பந்தலைக்கூடச் சேர்க்கச் சொன்னார். சோம்பேறிதான், ஆனால் கஞ்சன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒன்று இருந்தது. வழியில் ஓட்டுகிறவருக்கோ கூட இருப்பவருக்கோ உடம்புக்கு முடியாமல் போனால், கம்பெனியே ஒரு டிரைவரை அனுப்பும். வண்டியையும் ஆட்களையும் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கூடுதலாகக் கேட்டது ஒரு பெட்டி பீர் விலைகூட இல்லை.

“எனக்கு வேண்டியது இதுதான்,” என்றார் ரேலீன். “நடுவழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?”

“அது வேண்டாம்.”

“பந்தல் துணிக்குப் போடறே. எனக்காக இது ஒண்ணு போட மாட்டியா நோயல்?”

“வேண்டாம்னா வேண்டாம். அதான் நீயே ஓட்டறியே.”

ரேலீன் எழுந்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்துவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு போகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஜெனிஸ் நோயலை ஒரு முறை முறைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. போன் என் கையில்தானே இருக்கிறது, அழுத்திவிட்டால் என்ன?

“நோயல், இதை நான் சேர்த்துடறேன். காசும் நானே குடுத்துடறேன். பாவம்யா அந்த அம்மா.”

“அழுத்திடாதே ரஸ்.”

இவ்வளவு நேரம் இருந்த அதிகாரம் அந்தக் குரலில் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் தூரம் போய்விட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் பேசினார்.

“முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் போயிட்டிருக்கு. நேரா பார்த்தா நடுவுல ஒண்ணுமே தெரியலை, ஓரம் மட்டும் தெரியுது. இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முகத்தைத் திருப்பிக்கிட்டாத்தான் எனக்கு அவ தெரியறா.”

அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

“ரேலீனுக்குத் தெரியாதா?”

“எப்படியும் வழியில கண்டுபிடிச்சிடுவா. அப்போ இது இருந்தா உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் போடுவா. டிரைவர் வந்து வண்டியைத் திருப்பிடுவான். என்னை வீட்டுல உட்கார வெச்சுட்டு, பக்கத்துலயே அவளும் உட்கார்ந்துடுவா. அப்புறம் எங்கயும் கிளம்ப மாட்டா. இந்த வெட்டவெளியை அவளே ஓட்டித் தாண்டட்டும். அதுக்குள்ள கையும் பழகிடும், பயமும் தெளிஞ்சிடும். அந்தப் பக்கம் இறங்கினதும் நானே சொல்லிடறேன். அப்போ இந்த டிரைவர் சமாச்சாரத்தையும் சேர்த்துடறேன்.”

“நடுவுல அவங்களுக்கு ஏதாவதுன்னா?”

“நீங்களும் நாளைக்கு அதே ரோட்டுலதானே வரீங்க?”

என் கட்டைவிரல் இன்னும் திரைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. நோயல் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கடலை அல்ல, குளியலறையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த மனைவியைத்தான் பார்க்கிறார் என்பது இப்போது எனக்குப் புரிந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து மேற்குக் கடற்கரையைப் பார்க்கணும் பார்க்கணும்னு சொல்லிட்டிருந்தா ரஸ்,” என்றார் மெதுவாக. “கெட்டுப்போனது என் கண்ணுதானே? அவ கண்ணு நல்லாத்தானே இருக்கு.”