பட்டியலில் இல்லாத உடம்பு

ஆறு வருஷமாக அந்த அடுக்ககத்தின் நீச்சல் குளத்தைச் சந்தனமேரிதான் சுத்தம் செய்துவந்தாள். வலைக்கோலால் இலைகளை அள்ளுவாள், குளோரின் போடுவாள், ஓரத்துப் பாசியை பிரஷ்ஷால் தேய்ப்பாள். கடலோரக் காசிமேட்டில் பிறந்தவள், நீச்சல் தெரியும். ஆனாலும் தண்ணீரில் இறங்கியதில்லை. குடியிருப்போர் பட்டியலில் இல்லாத உடம்பு பட்டால் குளத்தில் பொருத்தியிருந்த கருவி உடனே கண்டுபிடித்துவிடும்.

அன்று காலை, தாய் போனில் பேசிக்கொண்டிருக்க, மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஆழமான பக்கம் வழுக்கி விழுந்தது. சந்தனமேரி கோலை வீசிவிட்டுக் குதித்தாள். தூக்கிக் கரையில் போட்டு முதுகில் தட்டியதும், குழந்தை இருமி வீறிட்டு அழுதது. தாய் ஓடிவந்து வாரிக்கொண்டாள்.

அதற்குள் கருவி அலறியது. "அந்நிய உடல். நீர் அசுத்தம். வெளியேற்றப்படுகிறது."

தண்ணீர் மளமளவென்று இறங்கத் தொடங்கியது.

செயலாளர் ராகவேந்திரன் மூச்சிரைக்க வந்தார். "ஏம்மா, கோலை நீட்டியிருக்கக் கூடாதா? மொத்தத் தண்ணியும் போகுதே!"

"மூணு வயசுப் புள்ள கோலைப் புடிக்குமா, சார்?"

சந்தனமேரி தாயைப் பார்த்தாள். அவள் தலை நிமிராமல் குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தனமேரி ஈர முடியை அள்ளி முடிந்துகொண்டு மறுபடி குளத்துப் படியில் இறங்கினாள்.

"எங்க போற? வெளிய வா!"

"அதான் அசுத்தம்னு சொல்லிடுச்சே. இனிமே என்ன?"

இடுப்பளவுக்கு வந்துவிட்ட தண்ணீரில் அவள் நீந்தினாள். அந்தக் கரைக்குப் போய், திரும்பி இந்தக் கரைக்கு வந்தாள். செயலாளர் கத்தக் கத்த, முழங்கால் தரையில் உரசும்வரை நிறுத்தவில்லை.