கரண்ட் போகாத வரை

என் தலையை ஒரு சட்டத்தில் வைத்துத் திருகிவிட்டார்கள். கண்ணை உருட்டலாம், பேசலாம். அவ்வளவுதான்.

இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் குடம் அளவு மின்காந்தங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

தொடை வழியாக நுழைந்த முடி போன்ற கம்பி இப்போது என் மூளைக்குள் இருந்தது. ரோபோவின் கை அதைத் தள்ளும். காந்தங்கள் நுனியை வளைத்துத் திருப்பும். உள்ளே ஒரு ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. அது வெடிப்பதற்குள் அடைத்தாக வேண்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, "ஒண்ணும் ஆகாது, சும்மா நில்லுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு வெறும் பேச்சு என்று இப்போதுதான் உறைத்தது.

எங்கோ ஒரு எச்சரிக்கை மணி விட்டு விட்டு அடித்தது.

"இடது காந்தம் சூடாகுது டாக்டர்," என்றார் காந்தங்களை வடிவமைத்து இயக்கும் பொறியாளர். "இன்னும் ஏறினா தானா அணைஞ்சிடும்."

"அணையக் கூடாது. நுனி வீக்கத்துக்குள்ள வளைஞ்சு நிக்குது. பிடி விட்டா நிமிர்ந்து குத்திடும்."

லிஃப்டில் கரண்ட் போனால் பிரேக் தானாக இறுகும். யாரும் விழ மாட்டார்கள். இங்கே கரண்ட் போனால் பிடியே போய்விடும்.

கத்த வேண்டும் போலிருந்தது. எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

"அசையாதீங்க சார். மூச்சை மெதுவா விடுங்க. வலது காந்தத்துக்கு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தறேன்."

"சரிங்க மேடம்," என்றேன் பொறியாளரிடம்.

இடது காதில் உறுமல் தேய்ந்தது. வலது காதில் ஏறியது. நடுவில் எங்கோ, எனக்குத் தெரியாமலே, அந்த நுனி நின்றுகொண்டிருந்தது.

மணி நின்றது.

கம்பி வழியாக மெல்லிய சுருள்களை ஒவ்வொன்றாக வீக்கத்துக்குள் இறக்கினார்கள்.

"அடைச்சாச்சு," என்றார் டாக்டர்.

திருகுகளைக் கழற்றினார்கள். கழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

டாக்டர் கையுறையை உருவியபடி நர்ஸிடம் சொன்னார். "சொந்தக்காரங்களைத்தான் உள்ள விடறதில்லையே, இவர் சம்சாரம் வெளிய என்ன பாடு படறாங்களோ. போய் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்லிடுங்க."

நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினார்.

பொறியாளர் முகமூடியை இறக்கினாள்.

"போக வேண்டாம் சிஸ்டர்," என்றாள். "கேட்டுட்டேன்."