சட்டைப்பைச் சோதனை

"கையைத் தூக்குங்க."

"என்னடி இது, நான் என்ன திருடனா?"

"திருடன்கூட கையும் களவுமா மாட்டினா ஒத்துக்குவான். தூக்குங்க சொல்றேன்."

கணவர் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கைகளையும் தூக்கினார். மணி ஆறு பத்து. ஆறரைக்குள் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும். மனைவி அதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. கால்சட்டைப் பையில் கைக்குட்டையும் சீப்பும் இருந்தன. மேல்பையில் கண்ணாடிக்கூடு. கண்ணாடிதான் மூக்கில் இருக்கிறதே, கூடு ஏன் இத்தனை கனம்?

திறந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று ஐந்து பழமிட்டாய்கள் உள்ளே சொகுசாகப் படுத்துக்கிடந்தன.

"இது என்ன?"

"அது... டாக்டர்தான் வெச்சுக்கச் சொன்னாரு."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மனிதர் எத்தனையோ கதை விட்டிருக்கிறார். கல்யாண வீட்டு இனிப்புப் பொட்டலத்தைக் குடைக்குள் ஒளித்து வைத்து எறும்பு காட்டிக்கொடுத்தபோது, குடைக்கடைக்காரனே வைத்துத் தந்ததாகச் சாதித்தவர் அவர். போன வருடம்கூட, வாரம் ஒரு இனிப்பு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதாக அளந்தார். அவள் நேரே போய் டாக்டரிடமே கேட்டு மானத்தை வாங்கிவிட்டாள்.

"மறுபடியும் டாக்டர் தலையிலயா? வேற பொய்யே கிடைக்கலையா?"

"சத்தியமாடி. இந்த ஒரு தடவை நம்பு."

"சுகருக்கு மாத்திரை போதாம ஊசியே போடற அளவுக்கு வந்தாச்சு. உங்க அண்ணனுக்குக் காலையே முழங்காலோட எடுத்தாங்க. பாத்தீங்கதானே? அண்ணி படற பாட்டை நானும் படணுமா?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. ஊசி ஆரம்பித்த இந்த ஒரு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கண்ணை மூடினால் அவர் அண்ணனின் மடித்துக் கட்டிய வேட்டிதான் தெரிகிறது. இன்றைக்கும் கணவர் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்கியிருந்தாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மிட்டாய்களை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரி, வெச்சுக்கோ. எனக்குச் சாப்பாடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மேசையில் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டார். வயிறு காய்ந்தால் கோபம் தானாக இறங்கும் என்று அவள் கதவைச் சாத்தினாள்.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. டாக்டர் வாயால் நாலு வார்த்தை சூடாகக் கேட்டால்தான் மனிதர் திருந்துவார். ஏழரை மணிக்குக் கிளினிக் திறந்ததும் முதல் டோக்கன் அவளுடையதுதான்.

"பாருங்க டாக்டர், இன்னிக்குப் பிடிச்சது." முந்தானையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். "இதை நீங்கதான் வெச்சுக்கச் சொன்னீங்களாம். எவ்வளவு தைரியம் பாருங்க!"

அவரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு ஊசி போட்டாரா?"

"என் கண் எதிர்ல போட்டாரு, ஆறு மணிக்கு."

"சாப்பிட்டாரா?"

"எங்க சாப்பிட்டாரு? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான்தாம்மா வெச்சுக்கச் சொன்னேன். ஊசி போட்டுட்டுச் சாப்பிடலைன்னா சுகர் தடாலடியா இறங்கிடும். கண் இருட்டும், ஆளே சரிஞ்சிடுவாரு. அந்த நேரத்துக்கு வாயில போடத்தான் மிட்டாய்."

அவள் மேசைமேல் கொட்டிய மிட்டாய்களை அவசரமாக அள்ளினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நம்பச் சொல்லிக் கெஞ்சியது இன்றைக்குத்தான்.

"பதறாதீங்க, உடனே போன் பண்ணுங்க. சர்க்கரையைக் கரைச்சு யாராவது கொடுக்கட்டும். ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்னு சொன்னாரே, பக்கத்துல நாலு பேர் இருப்பாங்கல்ல?"

"கிளார்க்கா?" அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பது. "உங்ககிட்ட அப்படியா சொன்னாரு? அவர் ஸ்கூல் பஸ் டிரைவர், டாக்டர். இந்நேரம் நாற்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போயிட்டிருப்பாரு... ஸ்டியரிங்ல கை வெச்சா போனையே எடுக்க மாட்டாரு."