கை வைக்காதவள்

“அந்தக் கையை அழிங்க சார்.”

தூரிகை நின்றது.

மண்டபச் சுவரில் முந்நூறு வருடத்துப் பழைய ஓவியம். ஒரு கூத்துக் கூட்டம். மத்தளக்காரன். கழைக்கூத்தாடி. நடுவில், தலையில் கரகத்தோடு ஒருத்தி.

அவளது வலது தோளுக்கு மேலே காரை உதிர்ந்துபோயிருந்தது. அங்கேதான் இன்று காலை, படத்தைச் சீர்செய்ய வந்த ஓவியர் ஒரு கை வரைந்தார். கரகத்தைப் பிடித்த கை.

எதிரே நின்றவளுக்கு இருபது வயதிருக்கும். காலில் சலங்கை. முழங்காலில் துணிக்கட்டு. போன திருவிழாவில் இதே மண்டப வாசலில் கரகத்தோடு விழுந்தவள்.

சாயங்காலம் மறுபடியும் ஆட வேண்டும்.

“முகத்தப் பாரும்மா,” என்றார் ஓவியர். “எவ்ளோ சோகம். கண்ணு தாழ்ந்து கெடக்கு. பாரம் தாங்காமதான் புடிச்சிருக்கா. படத்துக்கு அர்த்தமே அதான்.”

“சோகமா? போங்க சார்! அடுத்த அடி எங்க வைக்கலாம்னு பாக்குறா. நானும் அப்படித்தான் பாப்பேன். என்னையும் சோகம்னு வரைஞ்சிராதீங்க.”

அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. மதியம் விழாக் கமிட்டிக்காரர் இந்தச் சுவரைக் காட்டித்தான் சொல்லியிருந்தார். “அந்தக் காலத்துலயே புடிச்சுக்கிட்டுதான் ஆடியிருக்கா. நீயும் ஒரு கையால புடிச்சுக்க. இல்லன்னா ஆடவே வேணாம்.”

“புடிச்சா அது கரகமில்ல சார். தண்ணிக்குடம்.”

கரகத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். பூக்கூம்பின் உச்சியில் மரக்கிளி ஆடியது. நின்றது.

இரண்டு கைகளையும் விட்டாள்.

“என் கழுத்தப் பாருங்க.”

இரண்டு நரம்புகள் புடைத்து நின்றன.

ஒரு விரலால் கரகத்தைத் தொட்டாள். நரம்புகள் அடங்கின.

விரலை எடுத்தாள். மீண்டும் புடைத்தன.

“இப்ப அவ கழுத்தப் பாருங்க.”

அவர் சுவர் பக்கம் குனிந்தார். மங்கிய சிவப்பில் இரண்டு கோடுகள். காலையில் விரிசல் என்று நினைத்து அடைக்கப் பார்த்த கோடுகள்.

நெடுநேரம் பார்த்தார்.

பிறகு பஞ்சை நனைத்தார்.

கை கரைந்து வழிந்தது. வெறும் காரை மிஞ்சியது.

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. அவளைத் தேடிக் கமிட்டிக்காரர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

கரகம் அசையாமல் அவள் அவர் பக்கம் திரும்பினாள். கைகள் இரண்டும் விரிந்திருந்தன.

“கை போயிருச்சுண்ணே. கரகம் அப்படியேதான் இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அவ விழுவாளா?”