மருதப்பன் போட்ட பட்டை

ஆயுத பூஜைக் கற்பூரத்தின் வாசனை அடங்குவதற்குள் அலாரம் அலறியது.

சிங்கப்பூர், ஜூரோங் பிளைவுட் தொழிற்சாலையின் பெரிய உருளை நின்றது.

அந்த அலாரம் டெக்னீஷியன் உர்சுலாவின் பொறுப்பு. உருளையின் தண்டு சூடேறினால், தொடாமலே தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு சென்சார். சுற்றிலும் மரத்தூள். தண்டு பழுக்கச் சூடானால் ஒரு பொறி போதும், கொட்டகையே பற்றிக்கொள்ளும்.

ஆனால் பறக்கும் சூடான தூளைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு முறை வீணாகக் கத்தி, அது அவள் மானத்தை வாங்கியிருந்தது. இன்னொரு முறை கத்தினால் அதைக் கழற்றிவிடுவதாக மேலாளர் சேதுபதி சொல்லியிருந்தார்.

இன்று காரணம் எல்லோர் கண்ணிலும் பட்டது. உருளையை ஓட்டும் மருதப்பன், பூஜைக்காக அந்தத் தண்டில் திருநீற்றைக் குழைத்துப் பெரிதாக ஒரு பட்டை போட்டிருந்தார். நிற்கும் முன் தண்டு மெல்லச் சுழன்று, பட்டை சென்சாருக்கு நேரே வந்தபோதெல்லாம் எண் எகிறியது.

"சாமி கும்பிடுங்க மருதப்பன், வேணாங்கல. அதுக்காக சென்சார் பாக்கிற எடத்திலயா பட்டை போடுவீங்க? தொடைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க லா," என்றார் சேதுபதி.

மருதப்பன் முகம் சுண்டிப்போய், துணியால் அழுத்தித் துடைத்தார். தினமும் அவர் கையால் மெருகேறிய தண்டு மறுபடி பளபளத்தது.

உர்சுலா அலாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தொரு டிகிரி. வழக்கமான எண்.

சேதுபதி தலையசைத்தார். மருதப்பனின் கை பச்சைப் பொத்தானுக்குப் போனது.

அவருடைய இன்னொரு கையில் இருந்த துணியை உர்சுலா அப்போதுதான் கவனித்தாள். இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல் அது பழுப்பாகக் கருகியிருந்தது.

"அண்ணே, தொடாதீங்க!"

பூஜைத் தட்டில் மீந்திருந்த திருநீற்றுக் குழம்பை வெற்றிலையால் வழித்துத் தண்டின் மேல் உதறினாள். அது சொய்யென்று பொரிந்து காய்ந்தது.

எண் இருநூற்றைத் தாண்டியது.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. பளபளக்கும் இரும்பு தன் சூட்டை வெளியே காட்டாது. எதிரே இருக்கும் சுவரின் குளிர்ச்சியைத்தான் கண்ணாடிபோலக் காட்டும். மங்கலான சாம்பல் பூசினால்தான் உள்ள சூடு உள்ளபடி தெரியும். பயிற்சியில் படித்ததுதான், மறந்துபோயிருந்தாள். இத்தனை நாளும் அந்தக் கருவி சுவரைத்தான் அளந்துகொண்டிருந்தது. தண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்க, ஒரு முழம் தள்ளி நின்று மருதப்பன் வேலை பார்த்திருக்கிறார். ஒரு பிடி சாம்பல் இல்லையென்றால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மருதப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகும் உர்சுலா, தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கையை இறக்கியபோது சட்டைப்பையில் திருப்புளி, அந்த ஸ்க்ரூடிரைவர், இடித்தது.

வீண் அலாரம் வேண்டாம், உச்ச அளவைப் பிடிக்கும் சென்சாரைச் சராசரிக்கு மாற்றிவிடு என்று சேதுபதி நேற்றே உத்தரவு போட்டிருந்தார். சராசரியில் அந்த ஒற்றைப் பட்டையின் சூடு பளபளப்பு காட்டும் குளிர்ச்சியோடு கலந்து கரைந்துபோய், அலாரம் அடித்தே இருக்காது.

மாற்றத்தான் காலையில் வந்தாள். மருதப்பன் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே போவது மரியாதையில்லை என்று ஒதுங்கி நின்றவள், அவர் கையில் வைத்த சுண்டலைச் சாப்பிட்டதில் சென்சாரை மாற்றும் வேலையை மறந்தே போயிருந்தாள்.