இட்லிச் சட்டியில் புகைத்த விதைகள்

பிளசன்டன் நகருக்கு வெளியே, ஜல்லி தோண்டி முடித்துக் கைவிட்ட சரிவில் வான்மதி மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். மழையில் நனைந்த சரளையில் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. காட்டுத்தீயின் புகை பட்டால்தான் இந்த மண்ணின் புதர்விதைகள் முளைக்கும். தீ வைக்க அனுமதியில்லை. அதனால் வீட்டு இட்லிச் சட்டியில் சருகைப் புகையவிட்டு, தட்டுகளில் விதைகளைப் பரப்பிப் புகைகாட்டித்தான் விதைத்தாள். இன்றைக்குள் ஒன்றாவது தலைகாட்டாவிட்டால் குவாரிக்காரர்கள் நாளை வெறும் புல்லை விதைத்துச் சரிவை மூடிவிடுவார்கள். லாரியிலிருந்து புல்விதை மூட்டையைத் தோளில் சுமந்து வரும் உடன் வேலைசெய்யும் சுலக்சன், "இட்லி அவிஞ்சிட்டுதோ அக்கா?" என்று சீண்டுகிறான். "அங்கேயே நில்லுடா, மிதிச்சு வேஸ்ட் பண்ணிடாத!" அவள் நகம் ஒரு கல்லை மெல்ல நகர்த்துகிறது. அடியில், கொக்கிபோல் வளைந்த வெள்ளைத் தண்டு. அதன் நுனியில் விரியாத இரண்டு இலைகள். புல் அல்ல, புதரின் முளை. சுலக்சன் மூட்டையை லாரியிலேயே திரும்பப் போட்டுவிட்டு வந்து குந்துகிறான். "இஞ்சயும் ஒண்டு நிக்குது அக்கா."